சருவத்தின் ஓசை கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் நால்வர் உருவாக்கிய ஏழு நிமிட அனிமேஷன் குறும்படத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். தக்கலை அருகே ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். கையில் காசில்லாமல், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டே செய்து முடித்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தியில் இருந்த பாராட்டின் சாரம். நெடுங்காலம் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு இந்தப் பாராட்டு போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

குளச்சலில் சாளை மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் பாட்டி ஒருத்தியின் சுருக்குப்பையை ஒருவன் பறித்துக்கொண்டு ஓட, அவள் மீன் சருவத்தையே, அதாவது மீன் சுமக்கும் வாயகன்ற பாத்திரத்தையே, கேடயமாக்கிக்கொண்டு, ஆற்றுக்கு மேலே கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப் பாலம் வரை அவனைத் துரத்திப் பிடிப்பதே கதை. குளச்சலிலிருந்து மாத்தூருக்கு ஓடியே போய்விட முடியுமா என்று கேட்பவர்கள் நகைச்சுவைப் படம் பார்க்க வராமலிருப்பது நல்லது.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் ஏழு நிமிடத்துக்கு 5,040 படங்கள் வேண்டும். அவ்வளவு வரைந்தும் கோட்டில் தளர்ச்சி தெரியவில்லை. சண்டைக்கு முன் பாட்டி தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொள்ளும் அசைவை, ஒரு மீன்காரியைப் பல நாள் கவனித்துப் பார்த்த கண்தான் வரைந்திருக்க முடியும். 1966-இல் கட்டப்பட்ட, 115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தை அவர்கள் பயன்படுத்திய விதமும் சிறப்பானது. தொட்டிச் சுவரின் விளிம்பைப் பாட்டியின் கால் பெருவிரல் பற்றியிருக்க, வெகு கீழே பறளியாறு நூல்போல் தெரியும் காட்சியில் எனக்கு உள்ளங்கால் கூசியது.

இப்படி வரையத் தெரிந்தவர்களிடம்தான் குறையையும் மனம்விட்டுச் சொல்ல முடியும். முதற்குறை, படம் எங்கும் நிற்பதில்லை என்பது. ஓர் அடி வலிமையாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன் கை பின்னுக்குப் போய் ஓங்க வேண்டும். பட்ட இடத்தில் இரண்டு மூன்று சட்டகமாவது படம் அசையாது நின்றால்தான் பார்ப்பவனுக்கு அடி விழுந்தது உறைக்கும். இங்கே அடிமேல் அடியாக முப்பது அடிகள் விழுகின்றன. எதுவும் நினைவில் நிற்கவில்லை. சிரிப்புக்கும் இதே கதிதான். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த குமரி மாவட்டத்தாருக்கு அதில் வரும் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோலில் வெட்டிய பாவைக்கு முகபாவம் மாறாது. கையும் காலும் ஆடுவதோடு சரி. ஆனாலும், திரைக்குப் பின்னாலிருப்பவர் ஒரு பேச்சுக்கும் அதற்கான பதிலுக்கும் இடையில் விடும் சிறு மௌனத்திலேயே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். ஐயாயிரம் படம் வரைந்தவர்கள் அந்த மௌனத்துக்கு அரை நொடி ஒதுக்கவில்லை.

ஒலி இதைவிட மோசம். அலுமினியச் சருவத்தில் கத்தி பட்டால் காது கூசும்படி ஒரு கிணுகிணுப்பு எழும். அது சிமெண்ட் தரையில் விழுந்தால் சுழன்று சுழன்று ஓய நேரமாகும். நம் வீட்டு அடுக்களையிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளக் கூடிய ஓசைகள் இவை. படத்திலோ சருவம், முதுகு, கதவு, குடை என எதில் அடித்தாலும் எங்கிருந்தோ எடுத்த ஒரே 'டும்' கேட்கிறது. பேச்சும் அப்படியே. "டேய், நில்லுடா" என்று சென்னைத் திரைப்படம்போல் கத்துகிறாள் பாட்டி. எங்கள் ஊர்ப் பாட்டி "லேய், நில்லுலே" என்பாள். பிடித்த பிறகு "மக்களே" என்று அழைத்துவிட்டுத்தான் அடிப்பாள். கேலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? திருடன் தொட்டித் தண்ணீரில் முழுதாக விழுந்து எழுந்ததும் அவன் சட்டை உலர்ந்திருப்பதை நான் பெரிதுபடுத்தவில்லை.

இலவச மென்பொருள் என்பதை இனியாவது சலுகையாகச் சொல்ல வேண்டாம். 2025-இல் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற லாட்வியா நாட்டு இயக்குநரின் 'ஃப்ளோ' அதே பிளெண்டரில் உருவானதுதான். அதில் ஒரு சொல்கூட வசனம் கிடையாது.

படம் ஓரிடத்தில் மட்டும் நின்றது. எல்லாம் முடிந்தபின் பாட்டி சிதறிய சாளையைப் பொறுக்கி எண்ணுகிறாள்; ஒன்று குறைகிறது. திருடனை ஏறிட்டுப் பார்க்கிறாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு வால் எட்டிப் பார்க்கிறது. இரண்டு நொடி எவரும் அசையவில்லை, இசையும் இல்லை. வாசகசாலை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான். போட்டிகளுக்கு அனுப்பும் முன் மாணவர்கள் அந்த இரண்டு நொடியை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அடிகளில் பாதியை வெட்டிவிட்டு, ஒலியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
தக்கலை.