பிசாசின் விரல்

அன்புள்ள வசந்தி,

நலம். முட்டிவலியும் மாப்பிள்ளையும் அப்படியேதான். ஏன் எழுதவில்லை என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம், முதலில் கொங்க் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

தெற்கு பிரான்சில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஊர். அந்த வழியாக ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்தே போகும் யாத்திரிகர்கள் அங்கே இருக்கும் சாந்த் ஃபுவா தேவாலயத்தைப் பார்க்காமல் போகமாட்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தது. உள்ளே 22 மீட்டர் உயரக் கூரை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன், சரி. ஆனால் நான் சொல்ல வந்தது வாசல்.

வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் கடைசித் தீர்ப்பு நாளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், மொத்தம் 124 உருவங்கள். சொர்க்கத்தில் எல்லாரும் வளைவுகளுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள், கொட்டாவி வருகிறது. நரகம்தான் அமர்க்களம்! கஞ்சன் ஒருவன் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான், கவசம் போட்ட வீரன் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுகிறான். நடுவில் ஆன்மாக்களை எடைபோடும் தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு எதிரே நின்று ஒரு பிசாசு தராசுத் தட்டை விரலால் அழுத்துகிறதடி! கமலாக்கா பார்த்திருந்தால் அங்கேயே கச்சை கட்டியிருப்பாள். இதையெல்லாம் வேடிக்கை பார்க்க, வளைவின் விளிம்பை விரலால் பற்றிக்கொண்டு, பாதி முகம் மட்டும் தெரிய, குட்டிக் குட்டி ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வார்டனுக்குத் தெரியாமல் ஹாஸ்டல் மொட்டைமாடிச் சுவருக்குப் பின்னால் நாம் நின்ற மாதிரியே.

தேவாலயத்தின் பெயருக்குரிய புனிதை ஃபுவா சின்னப் பெண், 303இல் கொன்றுவிட்டார்களாம். அவள் எலும்புகளை 866இல் அஜான் என்ற ஊரிலிருந்து கொங்க் மடத்துத் துறவி ஒருவர் திருடி வந்தாராம், அதற்காக அங்கே பத்து வருடம் நல்லபிள்ளையாக வேலை பார்த்தாராம். உன் அண்ணன் பொறுமையெல்லாம் இதன் முன் தூசு. அவளுக்குப் பொன்தகடு போர்த்திய சிலை, உடம்பெல்லாம் மணிகள், போதாததற்குப் பெண்கள் கனவில் வந்து நகை வேறு கேட்பாளாம்.

அதே சிற்பத்தில் அவளும் இருக்கிறாள், தரையில் விழுந்து கும்பிட்டபடி. மேலிருந்து நீளும் ஒரு பெரிய கை அவள் தலையைத் தொடப்போகிறது. பின்னால் வளைவுகளில் இரும்பு விலங்குகள் தொங்குகின்றன, அவளை வேண்டிக்கொண்டு விடுதலையான கைதிகள் கொண்டுவந்து மாட்டியவை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சிவா ஞாபகம்தான். ஜாமீன் என்ன ஆயிற்று? வக்கீல் பணத்துக்கு இழுத்தடிக்கிறாரா? மறைக்காமல் எழுது, என்னால் முடிந்ததை அனுப்புகிறேன்.

படங்கள் தனியாக வருகின்றன. கஞ்சன் படத்தை மட்டும் அண்ணனுக்குக் காட்டிவிடாதே, நான்தான் ஜாடையாகக் குத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அன்புடன்,
ராஜி