சேலம் டவுன் பஸ் டிரைவர், கண்டக்டர் அண்ணன்களுக்கு ஒரு மடல்

அண்ணன்களுக்கு வணக்கம்.

பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு தினமும் காலையில் வந்துபோகிறவன் நான். கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே ஆறிவிட்டது, ஒரு முகம்தான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் ஸ்டாப்பில் ஓர் ஆயா ஏறுவார். அரளி மூட்டையோடு வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர். அரளி மொட்டாக இருக்கும்போதே கைமாறிவிட வேண்டும், விரிந்துவிட்டால் அப்புறம் சீந்த ஆள் இருக்காது. அன்றைக்கு ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றார்கள், நான் டீக்கடை ஓரமாக இருந்தேன். பஸ் நிற்கிற மாதிரி வந்து, நிற்காமல், ஐம்பது அடி தள்ளிப் போய் மெதுவானது. ஆயா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். அதை ஓட்டம் என்று எப்படிச் சொல்வது, ஒரு காலை எடுத்து வைத்து இன்னொரு காலை இழுக்கிறதுதான். ஏறி மூச்சு வாங்கி முடியவில்லை, "ஓசியில வர்றதுக்கு மூட்டை வேறயா?" என்றார் கண்டக்டர். நாலைந்து பேர் சிரித்தார்கள். பொய் எதற்கு, நானும் லேசாகச் சிரித்தேன். ஆயா குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், திரும்பவும் அவிழ்த்தார். தாதகாப்பட்டி கேட் வரும்வரை நிமிரவே இல்லை.

அந்த ஓசி என்கிற சொல்லை விட்டுவிடுங்கள் அண்ணே. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அப்புறம் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது வந்தது. இதற்கு ஈடாக அரசு உங்கள் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது, அந்தப் பணத்தில் ஆயா சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் இருக்கிறது. மூட்டைக்கு லக்கேஜ் காசு உண்டென்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் வேலை. பேச்சு வாங்க வைப்பது எந்த ரூலிலும் இல்லை.

உங்கள் பாடு தெரியாமல் இல்லை. சீலநாயக்கன்பட்டி பைபாஸில் சிக்கினால் டைமிங் போச்சு, அடுத்த டிரிப்புக்குள் டீ குடிக்க முடியாது, சில்லறைச் சண்டை தனி, படிக்கட்டில் தொங்குகிற பையன்களைக் கத்திக் கத்தியே தொண்டை போய்விடும். இத்தனையும் பட்டுவிட்டு வருகிற எரிச்சல் எங்கேயாவது இறங்கத்தான் செய்யும், சரி. ஆனால் அது எப்போதும் திருப்பிப் பேசாத ஆள் மேலேயே இறங்குகிறதே, ஏன்? காலேஜ் பையனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்களேன்.

உங்களிலேயே நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருக்கிறார். மூட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "மார்க்கெட் வந்ததும் எழுப்பறேன், நீங்க கண்ணை மூடுங்க ஆயா" என்பார். அவர் டூட்டியில் பஸ் லேட்டானதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாளைக்குக் காலையிலும் ஆயா அங்கேதான் நிற்பார், மூட்டையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். பிரேக்கை மட்டும் கொஞ்சம் முன்னாடியே போடுங்கள்.