ஓட இடம் கொடுத்தால் சண்டை எங்கே நடக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வீடியோ கேம் போட்டிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். நான்காவது பத்திக்கு வந்ததும் எரிச்சலாகிவிட்டது. 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' என்ற சண்டை விளையாட்டில் 29 ஸ்டேஜ்கள், அதாவது சண்டை நடக்கும் களங்கள், இருக்கின்றன, போட்டிகளில் ஆறே ஆறைத்தான் அனுமதிக்கிறார்கள், தற்செயலாக ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்து மீதியை ஒதுக்கிவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். 29 சரி, ஆறும் சரி. காரணம்தான் தப்பு.

தற்செயலுக்குப் பயந்திருந்தால் அந்த ஆறிலேயே பாதி தேறாது. ட்ரீம் லேண்டில் பின்னால் நிற்கும் மரம் அவ்வப்போது காற்றை ஊதி ஆளைத் தள்ளும். ஃபவுண்டன் ஆஃப் ட்ரீம்ஸில் இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கும் தட்டுகள் தம் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். போக்கிமான் ஸ்டேடியம் ஆட்டத்தின் நடுவிலேயே பாறை, நெருப்பு, நீர், புல் என்று உருமாறும். இவ்வளவு இருந்தும் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன.

யோஷிஸ் ஸ்டோரி இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஒரு சின்ன மேகம் ஸ்டேஜைச் சுற்றிச் சுற்றி வரும். ஆட்டக்காரர்கள் அதற்கு ராண்டால் என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு, கீழே விழுந்துகொண்டிருந்தவனை மேகம் வந்து தாங்கியது குருட்டு அதிர்ஷ்டம் மாதிரி தெரியும். உண்மையில் அது 20 விநாடிக்கு ஒரு சுற்று. போட்டிகளில் கடிகாரம் 8 நிமிடத்திலிருந்து இறங்கும் என்பதால், எந்த விநாடியில் மேகம் எங்கே இருக்கும் என்பதை மனப்பாடம் செய்துவிடலாம். தேர்ந்த ஆட்டக்காரர் விழும்போது கண் மேகத்தைத் தேடாது, கடிகாரத்துக்குத்தான் போகும்.

அப்போது மற்ற ஸ்டேஜ்கள் ஏன் போயின? என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். எங்கள் அறையில் மெலீ ஆட நிண்டெண்டோ கேம்க்யூப் என்ற விளையாட்டுப் பெட்டி, யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன பழைய டப்பா டிவி. (புது டிவிகளில் பட்டனை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். மெலீ ஆடுகிறவர்கள் இன்றும் டப்பா டிவியைத் தூக்கிக்கொண்டு அலைவது அதனால்தான்.) கூட இருந்த கோயம்புத்தூர்ப் பையன் எடுத்த பாத்திரம் ஃபாக்ஸ், நான் எடுத்தது பீச். ஸ்டேஜ், ஹைரூல் டெம்பிள்.

தெரியாதவர்களுக்கு: இந்த விளையாட்டில் எதிராளியின் ரத்தத்தைக் குறைத்துக் கொல்வது கிடையாது. அடி வாங்க வாங்க சதவீதம் ஏறும், சதவீதம் ஏற ஏற இன்னும் தூரமாகப் பறப்போம், திரையின் எல்லைக்கு வெளியே போனால் ஒரு உயிர் காலி. ஆளுக்கு நான்கு உயிர், 8 நிமிடம். நேரம் முடிந்துவிட்டால் உயிர் அதிகம் மிச்சம் வைத்திருப்பவர் ஜெயித்தார். அதுவும் சமம் என்றால் சதவீதம் குறைவாக இருப்பவர்.

பையன் முதல் நிமிடத்திலேயே என்னுடைய ஒரு உயிரை எடுத்தான். அப்புறம் ஓட ஆரம்பித்தான். டெம்பிள் பிரம்மாண்டமான ஸ்டேஜ். மேல்தளத்திலிருந்து கீழே இறங்கி, மறுபக்கமாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஃபாக்ஸ் வேகமானவன், என் பீச் அன்னநடை. நான் கிட்டே போவதற்குள் அவன் ஒரு வளைவு தாண்டியிருப்பான். நான் வந்து சேரும்வரை கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சிப்ஸ் தின்றான். 8 நிமிடமும் அப்படியே போனது. சண்டைக்கு வாடா என்று கத்தினேன். "ஓடக்கூடாதுன்னு ரூல்ல இருக்காண்ணா?" என்றான். இல்லைதான். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவனோடு நான் பேசவில்லை.

டெம்பிளைப் போட்டிகளிலிருந்து தூக்கியதும் இதற்காகத்தான். ஓடாதே என்று விதி போட்டால், எது ஓட்டம், எது தந்திரமான பின்வாங்கல் என்று நடுவர் ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். ஓடுகிறவனைக் கண்டிப்பதைவிட ஓடும் இடத்தை மூடிவிடுவது சுலபம். கபடியில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ரெய்டுக்கு 30 விநாடி, அதற்குள் நடுக்கோடு தாண்டி, எதிரணிப் பக்கத்தில் இருக்கும் பாக் லைன் என்ற கோட்டையும் தாண்டியாக வேண்டும். புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடு, இல்லையென்றால் வெளியே போ. முன்னிலையில் இருப்பவன் சும்மா நேரத்தைக் கடத்துவது எந்த விளையாட்டிலும் உள்ள வியாதி. மருந்துதான் வேறு வேறு.

ஓநெட் போன்ற ஸ்டேஜ்கள் டெம்பிளுக்கு நேர் எதிர். அங்கே ஓடவே வேண்டாம், தரை திரையின் விளிம்பு வரை நீண்டிருக்கும். ஓரத்தில் போய் நின்றுகொண்டால் போதும். கிட்டே வருகிறவனைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரே வீச்சு, சதவீதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆள் அவுட். அதனால் கிட்டே போக யாருக்கும் மனசு வராது. ஓநெட்டில் நடுவே கார்கள் வேறு வந்து மோதும். கார்களை மட்டும் எடுத்துவிட்டிருந்தாலும் அந்த ஸ்டேஜ் தேறியிருக்காது.

'டெக்கன்' என்ற இன்னொரு சண்டை விளையாட்டின் போட்டிகளில் ஸ்டேஜைக் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறார்களே, இவர்கள் ஏன் விடக்கூடாது என்றும் கட்டுரையில் கேட்டிருந்தார். டெக்கனில் ஒரு ஸ்டேஜில் சுவர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, அது ஆட்டத்தை மாற்றத்தான் செய்யும். ஆனாலும் எந்த ஸ்டேஜிலும் இரண்டு பேரும் ஒரே தரையில் எதிரெதிரே நிற்கிறார்கள், ரவுண்டும் 60 விநாடியில் முடிந்துவிடும். மேலே கீழே ஒளிந்துகொண்டு 8 நிமிடம் ஓட்ட வழியில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம்தான் எனக்குப் பெரிய குறை. அனுமதித்த ஆறிலும் எதில் ஆடுவது என்று அமைப்பாளர் சொல்வதில்லை, ஆடுகிற இருவரும் வேண்டாத ஸ்டேஜ்களைப் பட்டியலிலிருந்து மாறி மாறி வெட்டுவார்கள். முதல் ஆட்டத்துக்கு வழக்கமாக ஐந்து ஸ்டேஜ், போக்கிமான் ஸ்டேடியம் அதில் சேராது. கல், பேப்பர், கத்தரி போட்டு ஒருவர் ஒன்றை வெட்டுவார், மற்றவர் இரண்டை, மறுபடி முதலாமவர் ஒன்றை. மிச்சமிருப்பதில் ஆட்டம். மார்த் என்ற பாத்திரத்துக்கு எதிராக ஃபாக்ஸ் ஆடுகிறவர் முதலில் வெட்டுவது பெரும்பாலும் ஃபைனல் டெஸ்டினேஷனைத்தான். அது தட்டே இல்லாத மொட்டைத் தரை. அங்கே மார்த் பிடித்துத் தூக்கிப் போட, ஃபாக்ஸ் விழ, மறுபடி பிடிக்க என்று சங்கிலி போலப் போய்க்கொண்டே இருக்கும். இடையில் ஒரு தட்டு இருந்தால் அதில் இறங்கித் தப்பிக்கலாம். ஒரு அடிகூட விழுவதற்கு முன், வெட்டுகிற அந்த அரை நிமிடத்திலேயே யாருக்கு எதைக் கண்டால் பயம் என்று தெரிந்துவிடும். எனக்கு ஆட்டத்தைவிட அதைப் பார்ப்பது பிடிக்கும்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றவர் ஸ்டேஜைத் தேர்ந்தெடுப்பார், போக்கிமான் ஸ்டேடியமும் அப்போது வரும். ஜெயித்த ஸ்டேஜுக்கே திரும்பத் திரும்பப் போகக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதற்கு 'டேவின் முட்டாள் விதி' என்றே பெயர். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு பெயரை வேறு எங்கும் பார்த்ததில்லை. இன்னொரு வேடிக்கை: நான்கு பேர் ஜோடியாக ஆடும்போது ஃபவுண்டன் ஆஃப் ட்ரீம்ஸ் கிடையாது. காரணம் நியாயம் அநியாயம் இல்லை. தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்பெல்லாம் போட்டு நான்கு பேரையும் ஓட்ட அந்தச் சின்ன கேம்க்யூப் திணறுகிறது, ஆட்டம் இழுக்கிறது.

எல்லா வெட்டையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். கீழிருந்து அமிலம் பொங்கி வரும் பிரின்ஸ்டார் ஒருகாலத்தில் தோற்றவர் தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜாக இருந்தது. ரெயின்போ க்ரூஸும் அப்படித்தான். பீச், ஜிக்லிபஃப் போல மிதக்கும் ஆட்களுக்குப் பிரின்ஸ்டார் ரொம்பச் சாதகம் என்று புகார். சரி, ஃபைனல் டெஸ்டினேஷன் யாருக்கும் சாதகம் இல்லையா? பிரின்ஸ்டார் போனதில் பீச் ஆடுகிறவன் என்ற முறையில் எனக்கு இன்றும் வருத்தம்தான். இதற்கென்று சங்கமோ வாரியமோ கிடையாது. விளையாட்டை வெளியிட்ட நிண்டெண்டோவும் பட்டியல் போட்டுத் தரவில்லை. பெரிய போட்டிகளை நடத்துகிறவர்கள் ஒன்றை எடுத்தால் ஊர்ப் போட்டிகளும் எடுத்துவிடும். யாரிடம் போய் முறையிடுவது?

ஆனால் செய்தவர்களும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். 2014-ல் வந்த ஸ்மாஷில் ஏறக்குறைய எல்லா ஸ்டேஜுக்கும் மொட்டைத் தரை வடிவம் ஒன்றைச் சேர்த்தார்கள். 2018-ல் வந்த 'அல்டிமேட்'டில் நூற்றுக்கும் மேல் ஸ்டேஜ்கள். கார், அமிலம் மாதிரியான தொல்லைகளை அணைக்க ஒரு சுவிட்சும் கொடுத்தார்கள். சுவிட்ச் வந்ததும் ஆரம்பத்தில் பல ஸ்டேஜ்கள் போட்டிப் பட்டியலுக்குள் வந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக மறுபடி கழன்றன. தொல்லைகளை அணைத்தாலும் ஸ்டேஜின் வடிவத்தை அணைக்க முடியாதே.

கட்டுரையோடு போட்டிருந்த படத்துக்குக் கீழே 'போட்டிகளில் தடை செய்யப்பட்ட போக்கிமான் ஸ்டேடியம்' என்று இருந்தது. மேலே சொன்னபடி அது தடையில் இல்லை. படத்தில் இருப்பதும் போக்கிமான் ஸ்டேடியம் இல்லை, அந்தப் பையன் என்னை 8 நிமிடம் அலையவிட்ட டெம்பிள்தான். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய பீச் ஆட்டக்காரர்,
தில்லைநகர், திருச்சி