சான்றுப் பொருள்களைப் பாதுகாத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பவும், தண்டனைத் தீர்ப்பை மறுஆய்வுக்குப் பரிந்துரைக்கவும் கோரும் மனு

பெறுநர்: உள்துறைச் செயலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தம்பி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 11 ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார். அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. இது கருணை மனு அன்று. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க அவரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

இருட்டில் சில நொடிகள் பார்த்த ஒரு சாட்சி, அடையாள அணிவகுப்பில் என் தம்பியைக் காட்டினார். அணிவகுப்புக்கு முன்பே அவருடைய புகைப்படம் அந்தச் சாட்சியிடம் காட்டப்பட்டது என்பது குறுக்கு விசாரணையிலேயே வெளிவந்தது. சாட்சி பொய் சொன்னதாக நான் கூறவில்லை. ஆனால் அந்த முகத்தைச் சம்பவ இடத்தில் கண்டாரா, படத்தில் கண்டாரா என்பதை அதன்பின் அவராலேயே பிரித்தறிய இயலாது. வேறொருவர் ஓடியதைப் பார்த்ததாக அன்றிரவே தெரிவித்த பக்கத்து வீட்டுக்காரரிடம் புலனாய்வு அதிகாரி வாக்குமூலமே பதியவில்லை.

எஞ்சியிருப்பது ஒரு தலைமுடி. நுண்ணோக்கியில் அது என் தம்பியின் முடியோடு ஒத்துப்போவதாக நிபுணர் சொன்னதைத் தீர்ப்பு அறிவியல் சான்றாக ஏற்றது. எத்தனை பேருடைய முடி அப்படி ஒத்துப்போகும் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் ஆய்வாளர்களின் பழைய சாட்சியங்களை மீளப் பார்த்தபோது, முடி ஒப்பீடு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 விசாரணைகளில் 257-இல் பிழையான கூற்றுகள் இருந்ததை 2015-இல் ஒப்புக்கொண்டது. வேரில்லாத முடியிலும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுச் சோதனை, அதாவது தாயிடமிருந்து வரும் மரபணுவின் சோதனை, செய்யலாம். தாய்வழி உறவினர் அனைவருக்கும் அந்த மரபணு பொதுவென்பதால் ஒருவரை மட்டும் தனித்துக் காட்டாது என்றாலும், முடி எங்கள் குடும்பத்தாருடையது அன்று என்றால் அதைக் காட்டிவிடும். ஒப்பிட என் மாதிரியைத் தரவும் தயாராக இருக்கிறேன்.

இங்கிலாந்தில் 17 ஆண்டுகள் சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சன் மீதான தீர்ப்பு 2023-இல் ரத்தானது. காவல்துறை வைத்திருந்த ஆடைகள் அழிக்கப்பட்டிருந்தும், அவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் ஆய்வகக் காப்பகத்தில் தப்பியிருந்ததே அதற்கு வழிசெய்தது. மேல்முறையீடு முடிந்த வழக்கின் பொருள்கள் எந்நாளும் அகற்றப்படலாம் என்பதே என் அச்சம்.

எனவே, அந்த முடி உள்ளிட்ட சான்றுப் பொருள்களை அழிக்கக் கூடாதென உடனே உத்தரவிடவும், முதல் விசாரணையில் தொடர்பில்லாத ஆய்வகத்துக்கு அவற்றை அனுப்பவும், புலனாய்வு அதிகாரி எழுதிய வழக்கு நாட்குறிப்பை எங்கள் வழக்கறிஞர் பார்வையிட அனுமதிக்கவும், சோதனை முடிவுடன் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மறுஆய்வுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். தீர்ப்பின் நகலும் குறுக்கு விசாரணைப் பதிவும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
சிறைவாசியின் மூத்த சகோதரி