உயர்நிலைப் பயிற்சி குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் உடல் தேறி மீண்டும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டதை அறிந்து மனம் நிறைந்தது. என் பணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில், நட்பு நாடுகளுக்கான ஆயுத விற்பனையையும் படைப்பயிற்சியையும் கவனிக்கும் படை அதிகாரிகளுக்கும் குடிமை அலுவலர்களுக்கும் உயர்நிலைப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் இப்போது இருக்கிறேன்.

இந்தப் பணியாளர்களுக்கு முறையான பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும் என்று 2016 டிசம்பரில் சட்டமானது; 2019இல் இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் உருவாயிற்று. விற்பனை நடைமுறைகளையும் ஒப்பந்தப் படிவங்களையும் அடிப்படை வகுப்புகளே கற்பித்துவிடுகின்றன. உயர்நிலை வகுப்பிலும் விதிகளையே அடுக்குவது வீண் என்பது என் உறுதியான எண்ணம். கொடுப்பதை அந்த நாடு தானே பேணிக்கொள்ளுமா என்று எடைபோடும் திறனைத்தான் அங்கே வளர்க்க வேண்டும்.

ஆப்கானிஸ்தானை நினைத்துப் பாருங்கள். ரஷ்யத் தயாரிப்பான மி-17 ஹெலிகாப்டர்களை ஓட்டவும் பழுதுபார்க்கவும் பழகியிருந்த விமானப்படைக்கு 2017 முதல் அமெரிக்கத் தயாரிப்பான பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் வழங்கப்பட்டன. அவற்றின் பராமரிப்பு பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்களையே நம்பியிருந்ததால், 2021இல் அவர்கள் வெளியேறியபோது பறக்கத் தகுதியான ஹெலிகாப்டர்களைத் தக்கவைப்பதே பெரும்பாடாயிற்று. இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, முடிவு எடுக்கப்பட்ட நாளில் கையில் இருந்த தகவல்களை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் என்ன பரிந்துரைத்திருப்பார்கள் என்று எழுதச் சொல்ல விரும்புகிறேன்.

சீருடையினரும் குடிமை அலுவலர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரி சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்; அவர் தொடங்கிவைத்ததன் விளைவைப் பின்னால் சுமப்பவர் பெரும்பாலும் குடிமை அலுவலர்தான்.

மனித உரிமைகளைக் கொடுமையாக மீறிய படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்னும் லேஹி சட்டத்தை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதை எதிரில் அமர்ந்திருக்கும் நட்பு நாட்டுத் தளபதியிடம், உறவு முறியாமலும் உண்மை குறையாமலும் எடுத்துச் சொல்வது வேறு கலை. அதற்கு நடித்துப் பழகும் பயிற்சி தேவை.

மதிப்பீடுதான் இன்னும் இழுபறியாக இருக்கிறது. ‘இந்த உதவி வேண்டாம்’ என்று காரணங்களோடு எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்கிறேன். குழுவில் சிலர் தயங்குகிறார்கள். நெடுங்காலம் விடைத்தாள் திருத்தியவர் நீங்கள். வரைவை இத்துடன் அனுப்பியுள்ளேன், முதலில் அந்தப் பகுதியைப் படித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்