வராத பிள்ளைகளின் நோட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வர முடியாமல் போய்விட்டதே என்று அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே. "ஆச்சியப் பத்தி எல்லாரும் என்னம்மா சொன்னாங்க" என்று போனில் கேட்டாய். அன்றைக்கு வீடு நிறைய ஆள், பேச முடியவில்லை. இன்றைக்குத்தான் பட்டாசலில் விரித்த சமுக்காளத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வந்தவர்களில் பஸ் கண்டக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், அம்பாசமுத்திரத்தில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் இருந்தார். ஆச்சி என்ன பாடம் நடத்தினாள் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றேதான். "டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாவ."

அதன் அர்த்தம் எனக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பதினேழு நோட்டுகள். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும். இது ஆச்சி தனக்காக வைத்துக்கொண்டது. வந்த பிள்ளைகளின் பெயர் எதுவும் இதில் இல்லை. வராதவர்களின் பெயர், அப்பா பெயர், தெரு, அப்புறம் காரணம். "தம்பி பிறந்திருக்கிறான், தொட்டில் ஆட்ட ஆள் இல்லை." "பாவாடை ஒன்றுதான், காயவில்லை." "நெல் அறுப்பு." பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லாக, "பீடி." காரணத்துக்குப் பக்கத்தில் தான் போன தேதிகள். ஒரு பெயருக்கு நேரே பதினொரு தேதி இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

ஆச்சி 1962-இல் வேலைக்குச் சேர்ந்தாள். பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சி, சாராள் தக்கர் அம்மையார் பெயரில் இருக்கிற இடத்தில். அந்தச் சாராள் நம் நாட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நடக்க முடியாதவர். சென்னையில் இருந்த அண்ணன் எழுதிய கடிதங்களைப் படித்தே, இங்குள்ள பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஊரில் பணம் திரட்டியவர். "பாக்காத பிள்ளைக்கு ஒருத்தி இவ்வளவு செஞ்சிருக்கா, பக்கத்துத் தெருப் பிள்ளைய நாம விடலாமா?" என்று ஆச்சி அடிக்கடி சொல்வாள். நீயும் கேட்டிருப்பாய்.

அப்போது காமராஜர் முதலமைச்சர். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியதை ஆச்சி பெருமையாகச் சொல்வாள். எட்டயபுரம் அன்றைக்கு நம் ஜில்லா அல்லவா. சேரன்மகாதேவிப் பக்கம் ஆடு மேய்த்த பையனிடம் "பள்ளிக்கூடம் போகலையா" என்று அவர் கேட்டதும், "போனா சோறு யாரு போடுவா" என்று அவன் திருப்பிக் கேட்டதும் நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆச்சி சொல்லும்போது அந்தப் பையன் தன் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் சோறு போட்டும் ஒரு கூட்டம் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தீராத கவலை.

பீடியைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முக்கூடல், கடையம், ஆலங்குளம் என்று நம் பக்கம் முழுக்க வீட்டுக்கு வீடு மடியில் பீடி சுற்றும் சொளகு. இலையை நனைத்து, தகர அளவு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்ட வேண்டும். அம்மாக்காரி சுருட்டினால் வாய் மடக்கச் சின்ன விரல் தோதாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளை நின்றுவிடுவாள். அடுத்த பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். தனியாக அனுப்ப மாட்டார்கள். ஆச்சி ஒவ்வொரு வீடாகப் பேசி எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஒன்றாகப் போய் ஒன்றாக வர ஏற்பாடு செய்தாள். முதல் பத்து நாள் ஆற்றங்கரைப் பாதையில் பாதி தூரம்வரை தானும் கூட நடந்துவிட்டு, திரும்பி ஓடிவந்து மணி அடிப்பாள்.

யாரையும் திட்டித் திருத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக் கஷ்டத்துக்குள்ளேயே ஒரு வழி தேடுவாள். 1989-இல் எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாண உதவியாக 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில். மறுநாளே ஆச்சி தெருவில் இறங்கிவிட்டாள். "எட்டு வரைக்கும் விடு தாயி, கம்மலுக்கு ஆச்சு." கல்யாணத்தைக் காட்டிப் படிக்கவைப்பது சரியா என்று நான் அன்று சண்டை போட்டேன். "உள்ள வரட்டும், மத்தத அப்புறம் பாப்போம்" என்றாள். இப்போது யோசித்தால், அவள் செய்தது சரிதான் என்று தோன்றுகிறது.

1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி நம் வளவுக்குள் வந்தபோது இந்த நோட்டுகளும் நனைந்திருக்கின்றன. பல பக்கங்களில் செம்மண் கறை அப்படியே இருக்கிறது. கொடியில் துணி மாதிரி அவற்றைக் காயப்போட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு என் அம்மாவிடம், உன் ஆச்சியிடம், நெடுநாள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்த வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வேப்பிலையில் படுத்துக்கொண்டு அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். சாயங்காலம் வந்து வாசலில் காலைக் கழுவிவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவாள். அதற்குள் நான் தூங்கிவிடுவேன். நீ பிறந்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் இதை அவளிடம் கேட்டேவிட்டேன். "உனக்கு உன் ஆச்சி இருந்தா. அந்தப் பிள்ளைக்கு யாரு இருந்தா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கோவமா இருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியில் அந்த ஜூன் மாத நோட்டும் இருந்தது. பதினொரு தேதி என்றேனே, அது அந்த வருஷத்துப் பிள்ளைதான். அதற்குக் கீழே, "வரவில்லை" என்று மட்டும் எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறாள்.

அந்தப் பிள்ளை யார் தெரியுமா? நம் வீட்டு வாசல் தார்சாவில் தூணில் சாய்ந்தே உட்காரும் அத்தை. லீவுக்கு வரும்போது நீ பேப்பரை உரக்கப் படிப்பாய், அவர்கள் எல்லாரும் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்களே, அதில் ஒருத்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது அதே தார்சாவில் ஆச்சி ராத்திரி வகுப்பு வைத்தாள். சொளகை இறக்கி வைக்கச் சொல்லவில்லை. கை வேலை செய்யட்டும், கண் எழுத்தைப் பார்க்கட்டும் என்றாள். அந்த அத்தை கற்றுக்கொண்டு முதலில் படித்தது தன் பீடி பாஸ்புக்கை. கொடுத்த எண்ணிக்கைக்கும் எழுதிய எண்ணிக்கைக்கும் வித்தியாசம் இருந்ததைக் கண்டுபிடித்து, மறுநாள் போய்க் கேட்டு வாங்கினாள்.

காரியத்தன்று அவளிடம் நோட்டைக் காட்டினேன். தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "நான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிடுவேன்ளா. பதினோரு நாளாவா வந்தாவ?" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

உனக்கு அந்த நோட்டை அனுப்ப மனசு வரவில்லை. சித்திரையில் வருவாய் அல்லவா, வந்து பார். உளுந்தங்களிக்குக் கருப்பட்டி வாங்கி வைக்கிறேன்.

ஆச்சியின் தலைமாட்டில், மூக்குக் கண்ணாடிக்குக் கீழே, இரண்டு பிள்ளைகளின் ஆதார் நகலும் பாங்க் பாஸ்புக் நகலும் இருந்தன. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு. முன்பெல்லாம் தானே விண்ணப்பம் நிரப்புவாள். இப்போது எல்லாம் கணினியில் என்றானதும், பிரவுசிங் சென்டருக்கு யாரையாவது கூட்டிப்போகச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் நாளை, நாளை என்று தள்ளினேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாவை நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். குளிர் அதிகம் என்றாய், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அம்மா