குடியிருப்போர் நலச் சங்கம், செங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டிலும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. மழைக்கு முன் வாறுகால் தூர்வாரப்பட்டது.

ஒரு சாதனம் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று பிளக்கில் மாட்டிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கியது வீண்செலவு என்று சிலர் பேசியதாகக் கேள்வி. கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அன்றே விளக்கியிருப்பேன். இப்போது சொல்கிறேன். அந்த மீட்டரை வீடு வீடாகக் கொண்டுபோனேன். "ரிமோட்லதான் அணைச்சாச்சே தம்பி, பொறவு எப்படி கரண்டு இழுக்கும்?" என்றார் ஒரு பெரியம்மா. டிவி அணைந்திருந்தது. செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. தினமும் யாரும் பார்க்காத 20 மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 2 மாதத்தில் 12 யூனிட். ஆளில்லாத அறையின் ஏசி ஸ்டெபிலைசர், இரவெல்லாம் ஓடும் மோடம் எல்லாம் இதற்கு மேல். எல்லோரும் சந்தேகப்பட்ட செல்போன் சார்ஜர், போன் மாட்டாதபோது, அரை வாட்கூட இழுப்பதில்லை.

12 யூனிட் அற்பம் என்பவர்கள் தங்கள் மின் கட்டண அட்டையைப் பார்க்க வேண்டும். 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். 510ல் நிற்கும் வீட்டை 500க்குள் கொண்டுவர அந்தச் செட்டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்தாலே போதும். ஐப்பசியில் இடி முழங்கினால் நாம் எல்லோரும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிறோம். மற்ற நாட்களிலும் கை அந்தச் சுவிட்சுக்குப் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பல வீடுகளில் சுவிட்ச் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது, முதியவர்களுக்கு எட்டாது. அதனால்தான் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். உறுப்பினர் வருகை போதாமல் அந்தத் தீர்மானம் நிற்கிறது.

வரவு செலவு பொருளாளரின் கணக்கில் சரியாக இருக்கிறது, கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தெருவில் பாதிக்கும் மேல். பெயர்களை வாசிக்க எனக்கு மனமில்லை.

தலைவர், பொருளாளர், மீட்டரோடு வந்தபோது கதவைத் திறந்துவிட்ட எல்லா வீட்டாருக்கும் நன்றி. வரும் ஆண்டிலும் மீட்டர் என்னிடம்தான் இருக்கும், கேட்டால் கொண்டுவருவேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குவது பாக்கி வசூலைப் பொறுத்தது. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.